நம்ம ஊருக்கு நாமே இழுக்கும் நெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் ஃபைபர் இழுப்பது, வயர்லெஸ் டிஷ் கட்டுவது என்று பல வருடமாக வேலை பார்க்கிறேன். எந்த ஊரில் வேலைக்குப் போனாலும் யாராவது ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, "எங்க ஊருக்கு எந்தக் கம்பெனியும் வரமாட்டேங்குது, நாங்களே போட்டுக்க முடியாதா?" என்று கேட்பார். முடியும் என்று சொன்னதும் அடுத்தடுத்து வரும் சந்தேகங்கள் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தருகிறேன்.

ஊரே சேர்ந்து நெட் நடத்துறதுன்னா என்ன? ஒருத்தர் ஒய்ஃபையை எல்லாரும் பாஸ்வேர்டு போட்டு யூஸ் பண்றதா?

அது இல்லை. ஊருக்குள் ஓடும் கேபிள், கம்பம், டிஷ், பெட்டி எல்லாம் ஊர்ச் சங்கத்தின் சொத்து. உரிமம் உள்ள ஒரு நிறுவனத்திடமிருந்து ஊர் எல்லையில் இணையத்தை மொத்தமாக வாங்குகிறோம். அதை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். மாதக் கட்டணம் எவ்வளவு, எந்தத் தெருவுக்கு முதலில், பழுதானால் யார் போவது என்பதையெல்லாம் கூட்டம் போட்டு முடிவு செய்கிறோம்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கண்மாயை வைத்துச் சொன்னால் உடனே புரியும். மழையை ஊர் உண்டாக்குவதில்லை. வருகிற தண்ணீரைத் தேக்கி, மடை திறந்து, நீர்ப்பாய்ச்சி ஒருவரை வைத்து முறைப்படி வயலுக்கு விடுகிறார்கள். கரை உடைந்தால் குடிமராமத்து. நெட்டும் அதே ஏற்பாடுதான்.

இது எங்கயாச்சும் நிஜமா நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் உள்ள பி4ஆர்என் என்ற ஊர்க்காரர்களின் இணைய அமைப்பு. 2011இல் தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத பண்ணைக் கிராமங்கள். பாரி ஃபோர்ட் என்ற ஓய்வுபெற்ற நெட்வொர்க் பேராசிரியரும், கிறிஸ் காண்டர் என்ற விவசாயக் குடும்பப் பெண்ணும் முன்னால் நின்றவர்களில் முக்கியமானவர்கள். சாலையைத் தோண்டினால் செலவு எக்கச்சக்கமாகும் என்று வயல் வழியாகக் குழாய் பதித்தார்கள். நிலத்துக்காரர்கள் வாடகை கேட்காமல் வழிவிட்டார்கள். அவரவர் வயலை அவரவரே தோண்டியதும் உண்டு. பணம், ஊர்க்காரர்கள் வாங்கிய பங்குகளிலிருந்து வந்தது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே ஓட்டு. வீட்டுக்கு 1,000 மெகாபிட் வேகம், ஏறவும் இறங்கவும் அதே அளவு. இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் குயிஃபி நெட் என்ற வலையமைப்பு 2004 வாக்கில் கிராமத்து வயர்லெஸ் இணைப்புகளாகத் தொடங்கி, பிறகு ஃபைபருக்கும் போனது. 35,000க்கும் மேற்பட்ட முனைகள். நேபாளத்தில் நாங்கி என்ற மலைக் கிராமத்துக்கு மகாபீர் புன் என்ற ஆசிரியர் மலைக்கு மலை, அலை வழியே இணையம் அனுப்பும் ரேடியோ கருவி வைத்து இணையம் கொண்டுவந்தார். அவருக்கு 2007இல் மகசேசே விருது கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில் மங்கோசி என்ற ஏழைக் கிராமத்தில் சென்செலேனி கூட்டுறவு, சூரிய மின்சாரத்தில் ஓடும் பெட்டிகளை வைத்துத் தொடங்கி, அதே பேட்டரியில் ஊர்க்காரர்களின் செல்போனுக்கு சார்ஜும் போட்டுக் கொடுத்தது. பணக்கார ஊருக்குத்தான் இது சரிப்படும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கடைசி உதாரணம்.

எங்க ஊர்ல 5ஜி நல்லா வருது. அப்பவும் இது வேணுமா?

வேண்டாம். வீட்டுக்குள் உட்கார்ந்து வீடியோ வகுப்பு தடங்கலில்லாமல் பார்க்க முடிகிறது, மாலையிலும் வேகம் நிற்கிறது என்றால் அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்குச் செலவிடுங்கள். மொட்டைமாடிக்கு ஏறினால்தான் சிக்னல், கண்மாய்க்கரைக்கு நடந்தால்தான் ஓ.டி.பி. வரும் என்கிற ஊர்களுக்காகத்தான் மற்றப் பதில்கள்.

பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் கவர்மென்ட் ஃபைபர் வந்திருக்கே, அதுல இருந்து எடுக்கலாமா?

முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான். 2011இல் தேசிய ஒளியிழை வலையமைப்பாகத் தொடங்கிய திட்டம் இப்போது பாரத்நெட். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலையை டான்ஃபிநெட் என்ற மாநில நிறுவனம் எடுத்துச் செய்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் பெட்டி இருக்கிறதா, அதில் விளக்கு எரிகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பெட்டி இருக்கும், கரண்ட் கொடுத்திருக்க மாட்டார்கள். அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஃபைபரிலிருந்து ஊருக்குள் சேவை கொடுக்க, உரிமம் உள்ள ஒருவர் வழியாகத்தான் போக வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேட்டால் கோப்பு நகரும். தனி ஆள் கேட்டால் பெரும்பாலும் நகராது.

லைசென்ஸ் வேணுமா? இல்லாம பண்ணினா கேஸ் ஆகுமா?

காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு இணையம் கொடுக்க இந்தியாவில் உரிமம் வேண்டும். இல்லாமல் செய்வது குற்றம். இதில் குறுக்கு வழி தேடாதீர்கள். நேரான வழி மூன்று இருக்கிறது.

ஒன்று, பி.எம்.-வாணி. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பொது ஒய்ஃபை திட்டம். இதில் டீக்கடைக்காரரோ சங்கமோ பி.டி.ஓ. ஆகலாம், அதாவது பொது இடத்தில் ஒய்ஃபை வைத்துக் கொடுப்பவர் (வட்டார வளர்ச்சி அலுவலர் இல்லை). உரிமமும் வேண்டாம், கட்டணமும் இல்லை. பி.டி.ஓ.ஏ. என்று பதிவு செய்த ஓர் அமைப்பின் கீழ் சேர்ந்தால் போதும். பி.டி.ஓ.க்களிடம் இணைய நிறுவனங்கள் சாதாரண வீட்டு இணைப்புக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவும் போட்டிருக்கிறது. 200 மெகாபிட் வரையிலான இணைப்புகளுக்கு இது பொருந்தும். சாவடி, நூலகம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றுக்கு இது நல்ல வழி. வீட்டுக்கு வீடு நிரந்தர இணைப்பு என்றால் போதாது.

இரண்டு, உரிமம் உள்ள நிறுவனத்தோடு பங்காளியாகச் சேர்வது. நம் ஊர்க் கேபிள் டிவிக்காரர்கள் இன்று இணையம் கொடுப்பது பெரும்பாலும் இப்படித்தான். சந்தாதாரர் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கும், ஊருக்குள் உள்ள பொருள் உங்கள் பெயரில் இருக்கும். பெரும்பாலான ஊர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். மூன்றாவது, நாமே சொந்தமாக உரிமம் எடுப்பது. ஐ.எஸ்.பி. (இணைய சேவை நிறுவன) உரிமத்தில் சி வகை சிறிய பரப்புக்கானது. ஆனாலும் கணக்கு, அறிக்கை, பதிவேடு என்று வேலை நிறைய. பத்து இருபது ஊர் சேர்ந்தால் யோசிக்கலாம்.

என் வீட்டு ஃபைபரைப் பக்கத்துப் பத்து வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுத்துட்டு ஆளுக்கு நூறு ரூபா வாங்கினா என்ன?

மேலே உரிமம் பற்றிச் சொன்னதில் மாட்டும். வீட்டுத் திட்டத்தின் நிபந்தனைகளும் மறுவிற்பனையைத் தடுக்கின்றன. யாராவது ஒருவர் அந்த இணைப்பில் மோசடி செய்தால் விசாரணைக்கு அழைக்கப்படுவது நீங்கள்தான்.

டிஷ் வைக்கிறதுக்குத் தனியா பர்மிஷன் வேணுமா?

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005லும், 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதியை 2018 அக்டோபரிலும் உரிமம் தேவையில்லாததாக அரசு அறிவித்துவிட்டது. அனுமதிக்கப்பட்ட சக்திக்குள், அங்கீகாரம் பெற்ற கருவியை வைத்தால் அலைவரிசைக்குக் காசு கட்ட வேண்டாம். அலைவரிசை இலவசம் என்றால் இணையம் விற்கும் உரிமமும் தேவையில்லை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

ஒயர் நல்லதா, டிஷ் நல்லதா?

பக்கத்து ஊரிலிருந்து உங்கள் ஊருக்குக் கொண்டுவர டிஷ்; ஊருக்குள் பிரிக்க ஃபைபர். பெரும்பாலும் இந்தக் கலவைதான் கையைக் கடிக்காது. நடுவில் நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ இருந்தால் ஃபைபருக்கு அனுமதி வாங்கவே மாதக்கணக்கில் ஆகும். டிஷ் ஒரே நாளில் கட்டிவிடலாம்.

ஊருக்குள் ஓ.எல்.டி. என்ற, ஃபைபருக்குள் ஒளியை அனுப்பும் மையப் பெட்டி ஒன்று வைத்தால், ஒரு ஃபைபர் இழையை ஸ்ப்ளிட்டர் போட்டு 32 வீட்டுக்குப் பிரிக்கலாம். நடுவில் எங்குமே கரண்ட் தேவையில்லை. ஜி.பான் என்ற ஃபைபர் முறையில் அந்த 32 வீட்டுக்கும் சேர்த்து இறங்கும் வேகம் 2,500 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஊருக்கு இது தாராளம். தொல்லை கொடுப்பவை அணிலும் ஜே.சி.பி.யும். ஈ.பி. கம்பத்தில் அனுமதி இல்லாமல் கட்டாதீர்கள், உயிருக்கு ஆபத்து. ஃபைபரை ஒட்டவைக்கும் ஸ்பிளைசிங் மெஷின் வாங்க வேண்டாம், வாடகைக்கு ஆளோடு கிடைக்கும். ஆனால் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த ஆளோடு கூடவே நின்று வேலையைக் கற்றுக்கொள்ளட்டும்.

பக்கத்து டவுன் டவர் கண்ணுக்குத் தெரியுது, ஆனா லிங்க் நிக்க மாட்டேங்குது. ஏன்?

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. இரண்டு டிஷ்ஷுக்கும் நடுவில் அலை ஒரு கோடாகப் போவதில்லை. நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய வெள்ளரிக்காய் வடிவத்தில் இடம் எடுத்துக்கொண்டு போகிறது. இதை ஃப்ரெனல் பகுதி என்பார்கள். 5 கிலோமீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் நடுப்பகுதியின் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் குறைந்தது 60 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 5 மீட்டர், மரம் கட்டடம் இல்லாமல் இருக்க வேண்டும். சீமைக்கருவேலம் இரண்டு மழையில் வளர்ந்து இதற்குள் தலையை நீட்டிவிடும். கோடையில் கட்டிய லிங்க் ஐப்பசியில் விழுவதற்கு நனைந்த இலையும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் எங்கள் பக்கத்தில் அதிகம். கண்மாய்க்கு மேலே போகும் லிங்க், தண்ணீர் நிறைந்ததும் ஆடத் தொடங்கும். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு மோதுகிறது. ஒரு முனையின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பாருங்கள், பல இடத்தில் அது போதும்.

இடி விழுந்தா எல்லாம் போயிடுமே?

போகும். நான் ஆரம்பத்தில் ஒரு மேல்நிலைத் தொட்டி மேல் டிஷ் கட்டினேன், எர்த் சரியாகப் போடவில்லை. அந்த ஐப்பசியில் ஒரே இடியில் ரேடியோ, சுவிட்ச், கீழே இரண்டு வீட்டு ரவுட்டர் எல்லாம் கருகின. ஆளுக்கு எதுவும் ஆகவில்லை. அதற்குப் பிறகு எர்த் குழி இல்லாத இடத்தில் நான் டிஷ் ஏற்றுவதில்லை.

இடிதாங்கி டிஷ்ஷைவிட உயரமாக இருக்க வேண்டும். கம்பம், ரேடியோ, கேபிளின் கவசம் எல்லாம் ஒரே எர்த்தோடு சேர வேண்டும். கேபிளின் இரு முனையிலும், திடீரென்று பாயும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் போடுங்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். ஃபைபர் இழுத்தால் இடி அதன் வழியாக அடுத்த வீட்டுக்குத் தாவாது. மாற்று ரேடியோ ஒன்று எப்போதும் அலமாரியில் இருக்கட்டும்.

கரண்ட் போனா நெட்டும் போயிடுமா?

பேட்டரி இருந்தால் போகாது. இரண்டு ரேடியோவும் ஒரு சுவிட்சும் சேர்ந்து சுமார் 25 வாட். ஒரு நாளுக்கு 600 வாட்-மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் மொத்தம் 1,200 இருக்கும், பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால்தான் அது நீடிக்கும். ஆக, ஒரு பேட்டரி ஒரு நாள் தாங்கும். சோலார் வைப்பதானால் 200 வாட்டுக்குக் குறையாத பலகை வேண்டும். அடைமழை வாரத்தில் அதுவும் திணறும், அதனால் முடிந்த இடத்தில் ஈ.பி.யும் சேர்த்தே வையுங்கள்.

அறுபது வீடு இருக்கு. எவ்வளவு ஸ்பீடு வாங்கணும்? வீட்டுக்கு 50 போட்டா 3,000 ஆகுதே?

அப்படிப் பெருக்க வேண்டியதில்லை. இரவு எட்டரை மணிக்கு எத்தனை வீட்டில் ஒரே நேரம் வீடியோ ஓடும்? அறுபதில் இருபத்தைந்து என்று வையுங்கள். ஒரு நல்ல வீடியோவுக்கு 4 மெகாபிட். மொத்தம் 100. பதிவிறக்கம், போன் அப்டேட் எல்லாம் சேர்த்து 200 வாங்கினால் தாராளமாக ஓடும். யாரோ ஒருவர் பெரிய ஃபைல் இறக்கி எல்லாருடையதையும் இழுத்துக்கொள்ளாமல், ரவுட்டரில் நெரிசல் நேரத்துக்குச் சமப் பங்கீடு வைக்க வேண்டும். நீர்ப்பாய்ச்சி செய்கிற வேலையை ரவுட்டர் செய்கிறது.

மாசம் எவ்வளவு வசூலிக்கணும்?

எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். அறுபது வீடு, வீட்டுக்கு 250 என்றால் 15,000. மேலிருந்து வாங்கும் லைனுக்கு 6,000. பார்த்துக்கொள்பவருக்கு 5,000. மின்சாரம் 500. பழுது நிதி 2,500. மிச்சம் 1,000, நாலைந்து வீடு பணம் தாமதித்தால் சமாளிக்க.

பழுது நிதியில் கை வைக்காதீர்கள். ரேடியோக்கள் ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டிவரும், பேட்டரி அதற்கு முன்னாலேயே. தொடக்கத்தில் நன்கொடையில் பளபளவென்று வந்த வலையமைப்புகள் மூன்றாம் வருடம் நிற்பது பெரும்பாலும் இந்த நிதி இல்லாததால்தான்.

ஊர்ல இன்ஜினியரிங் படிச்ச பசங்க இருக்காங்க. ஓசியில பார்த்துக்க மாட்டாங்களா?

முதல் ஆறு மாதம் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போவார்கள், போகத்தான் வேண்டும். அதனால்தான் மேலே கணக்கில் 5,000 ரூபாயை முதலிலேயே எழுதினேன். டிஷ் கட்டுவது ஒரு நாள் வேலை. இரவு பத்து மணிக்கு லைன் போனால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்ப ஓர் ஆள் வருடம் முழுக்க வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்காத எந்த ஊர் நெட்டும் நீடித்து நான் பார்த்ததில்லை.

ஊரை விட்டுப் போகாதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்குக் கற்றுக்கொடுங்கள். வீட்டில் ஃபைபர் வந்து சேரும் ஓ.என்.யு. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம், ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரில் எத்தனை டெசிபெல் வர வேண்டும் என்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். வசூலையும் கணக்கையும் மகளிர் சுயஉதவிக் குழு பார்த்தால் நல்லது. அவர்களுக்கு அது வருடக்கணக்கில் பழகிய வேலை.

யார் பேர்ல பதிவு பண்றது? தலைவர் பேர்லயே போட்டா சுலபம்தானே?

தனி ஆள் பெயரில் போடாதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அடுத்த தேர்தலில் அவர் தோற்றால் கம்பமும் பெட்டியும் யாருடையது என்று வழக்கு வரும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, மாதாமாதம் வரவுசெலவைச் சாவடியில் ஒட்டுவது. மேல்நிலைத் தொட்டியிலோ ஊராட்சிக் கட்டடத்திலோ கருவி வைத்தால் ஊராட்சித் தீர்மானத்தின் நகலும் கையில் இருக்கட்டும்.

முதல்ல ஊருக்குள்ள முடிப்போம். அந்தத் தெருவுக்கு அப்புறம் பாத்துக்கலாமே?

இந்தக் கேள்வியை எந்தத் தெருவை மனதில் வைத்துக் கேட்கிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். முதல் வரைபடத்திலேயே பட்டியல் சாதி மக்கள் வாழும் தெரு இல்லை என்றால் அந்த வேலைக்கு நான் போவதில்லை. குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் இப்படி "அப்புறம்" என்று சொல்லித்தான் ஒரு தலைமுறை தாமதமாக அங்கே போயின. பொதுப் பணத்தில், பொதுத் தொட்டியின் மேல் டிஷ் ஏற்றிவிட்டு அதே தவற்றை நாமும் செய்யக் கூடாது.

சங்கத்தின் ஏழு பேரில் அந்தத் தெருவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். ஸ்ப்ளிட்டர் பெட்டி வைக்கும் இடமும் எல்லோரும் தடையின்றிப் போய்வரும் இடமாக இருக்க வேண்டும். ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்தால் நாளைக்குப் பழுது பார்க்கக்கூடச் சிலர் ஏற முடியாமல் போகும்.

பசங்க கண்டதைப் பார்ப்பாங்களே, யார் என்ன பார்க்கிறாங்கன்னு நாம கண்காணிக்க முடியுமா?

சட்டப்படி வைக்க வேண்டிய பதிவேடுகளை உரிமம் உள்ள நிறுவனம் வைக்கும். பி.எம்.-வாணியில் பயனரைச் சரிபார்ப்பதும் பதிவு வைப்பதும் மேலே உள்ள அமைப்புகளின் பொறுப்பு. போலீஸ் முறைப்படி கேட்டால் அவர்கள் கொடுப்பார்கள். ஊர்ச் சங்கம் அதற்கு மேல் எட்டிப் பார்க்கக் கூடாது. எந்த வீட்டுப் பெண் யாரோடு பேசுகிறாள் என்று ரவுட்டரைத் திறந்து பார்க்கும் வசதி ஊர்க்காரர் கையில் இருந்தால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அட்மின் பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும், அவர்கள் உள்ளே போன நேரம் பதிவாகட்டும். பள்ளிக்கூட இணைப்பில் மட்டும் வடிகட்டி போடலாம்.

மேல இருந்து லைனை நிறுத்திட்டா என்ன பண்றது?

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: எத்தனை மணி நேரத்தில் பழுது பார்ப்பார்கள், நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு, ஊருக்குள் உள்ள பொருளெல்லாம் சங்கத்துடையது என்ற வரி. கடைசி வரி இருந்தால் வேறு நிறுவனத்துக்கு மாறலாம், ஒரு கம்பத்தையும் பிடுங்க வேண்டாம்.

ஊருக்குள்ளேயே ஒரு சிறு கணினியை சர்வராக வைப்பதையும் யோசியுங்கள். கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி வைக்கலாம். பாடக் காணொளிகளையும் ஆசிரியர்களின் குறிப்புகளையும் சேர்க்கலாம். மேல் லைன் செத்தாலும் பிள்ளைகளுக்கு அது ஓடும்.

எங்க ஊர் கேபிள்காரர் சண்டைக்கு வருவாரே?

அவர் பிழைப்பு அது, கோபம் நியாயம்தான். முதல் கூட்டத்துக்கே அவரைக் கூப்பிடுங்கள். அவரிடம் ஸ்பிளைசிங் தெரிந்த ஆள் இருப்பார், எந்தக் கம்பம் ஆடும் என்பதும் தெரியும். பராமரிப்பு வேலையைச் சம்பளத்துக்கு அவரிடமே கொடுக்கலாம்.

குயிஃபி நெட்டில் இதற்கு ஒரு நல்ல முறை இருக்கிறது. ஒரே வலையமைப்பில் பல சிறு நிறுவனங்கள் சேவை விற்கலாம். யார் எவ்வளவு முதலீடு செய்தார்கள், யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று கணக்கு வைத்து, அதிகம் பயன்படுத்தியவர் அதிகம் போட்டவருக்கு ஈடு கொடுக்கிறார். அலுவலக மொழியில் இல்லாமல் ஒரு நோட்டில் எழுதியே நம் ஊரிலும் இதைச் செய்யலாம்.

கஷ்டப்பட்டுப் போட்டப்புறம் பெரிய கம்பெனி பாதி விலைக்கு வந்துட்டா? இல்ல, நம்மளதையே வாங்கிக்கிறேன்னு சொன்னா?

வாங்கிவிட முடியாதபடி பி4ஆர்என் தன் விதிகளிலேயே பூட்டுப் போட்டிருக்கிறது. சொத்து சமூகத்தின் நன்மைக்கே என்று எழுதியிருப்பதால், உறுப்பினர்கள் ஆசைப்பட்டாலும் விற்று லாபத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது. உங்கள் சங்க விதிகளிலும் அப்படி ஒரு பிரிவைப் பதிவு செய்யும்போதே சேருங்கள், பிறகு சேர்ப்பது கடினம்.

பாதி விலைக்கு வந்தால், சில வீடுகள் போகும். போகிறவர்களைத் திட்டாதீர்கள். எல்லா வீடும் போகிற அளவுக்கு அந்தச் சேவை நன்றாக இருந்தால், சங்கக் கூட்டத்தில் அதை ஒப்புக்கொண்டு, வீட்டு இணைப்புகளை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்தையும் நூலகத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடனில்லாமல் நடத்தியிருந்தால் பழுது நிதி அப்படியே இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்தக் கம்பெனி விலையை ஏற்றினால் மறுபடி திறக்க ஃபைபர் தெருவிலேயே கிடக்கும், ஓ.எல்.டி. பெட்டியை மட்டும் தூசி தட்டி வையுங்கள்.